விளக்கு பொருத்தும் முதல் விண்கலத்துக்கு இந்தக் கிட் சரிவருமா? போலார் லைட்ஸ் 1/350 எண்டர்பிரைஸ்

விளக்கு வைத்து முதன்முதலாக ஒரு விண்கலம் கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் சின்ன கிட்டைத்தான் தேடுகிறார்கள். சின்னதில் பழகிவிட்டுப் பெரியதுக்குப் போகலாம் என்ற கணக்கு. சாதாரண மாடலுக்கு அது சரி, விளக்கு மாடலுக்குச் சரிவராது. ‘ஸ்டார் ட்ரெக்’ பழைய தொலைக்காட்சித் தொடரின் விண்கலமான எண்டர்பிரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். போலார் லைட்ஸ் நிறுவனத்தின் 1/1000 அளவுக் கிட் 29 செ.மீ. நீளம்தான். அதில் ஜன்னல்கள் திறந்திருக்காது. ஒவ்வொன்றையும் 0.5 மி.மீ. துளையாகக் கையால் குடைந்து, ஃபைபர் இழை நுழைத்து, அத்தனை இழைகளையும் விரல் தடிமன்கூட இல்லாத கழுத்துக்குள் அடைக்க வேண்டும். அதே கப்பலின் 1/350 கிட் 82 செ.மீ. முன்னால் இருக்கும் வட்டமான மேல்தட்டின் விட்டம் மட்டுமே 36 செ.மீ. உள்ளே கை போகும், ஜன்னல்கள் வார்ப்பிலேயே திறந்திருக்கும், அவற்றில் பொருத்தக் கண்ணாடி போன்ற பாகங்களும் பெட்டியிலேயே வரும். விலை கூடுதல், இடம் கூடுதல், வேலை மட்டும் சுலபம்.

ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். விளக்கில்லாத கிட் இரண்டு மூன்றாவது கட்டி, மூட்டுக்கு புட்டி போட்டுத் தேய்த்து மறைக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல முதல் கப்பல். பசை தொட்டே பார்க்காதவருக்கு இல்லை. அப்படிப்பட்டவர் பந்தாய் 2017இல் வெளியிட்ட 1/72 மில்லேனியம் ஃபால்கனை (‘ஸ்டார் வார்ஸ்’ படக் கப்பல்) பார்க்கலாம். பசை வேண்டாம், பெயின்ட் கட்டாயமில்லை, விளக்கோடு வரும் பதிப்பில் வயரிங் தலைவலியும் குறைவு. விளக்கில்லாத மலிவுப் பதிப்பு ஒன்றும் விற்பனையில் உண்டு, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். 1/350 வரிசையிலேயே திரைப்படக் காலத்து எண்டர்பிரைஸும் கிடைக்கிறது, அதை இரண்டாவது கப்பலாக வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கப்பல் தன் மேனியிலேயே தனக்கு வெளிச்சம் அடித்துக்கொள்ளும் வடிவமைப்பு. அந்தச் சின்ன ஸ்பாட் விளக்குகளின் கோணத்தைச் சரிசெய்வதிலேயே முதல்முறைக்காரரின் பொறுமை தீர்ந்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் வாங்குகிறவர்கள் விலைச்சீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இது பெரிய பெட்டி, ஆனால் எடை குறைவு. கூரியர் நிறுவனங்கள் பொதுவாக நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணை ‘கன எடை’யாக வைத்து, உண்மையான எடையைவிட அது அதிகமாக இருந்தால் அதற்கே பணம் கேட்கும். அதன்மேல் 15 சதவீத வாட் (VAT) வரி. பல நேரம் உள்ளூர்க் கடைக்காரர் சொல்லும் விலை முதலில் அதிகமாகத் தெரிந்தாலும் கடைசிக் கணக்கில் அதுதான் மலிவு. லித்தியம் பேட்டரி எதையும் கிட்டோடு சேர்த்து வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். விமானத்தில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, பார்சல் முழுவதும் அதனால் நின்றுபோகும். அமெரிக்காவிலிருந்து விளக்கு செட் வாங்கினால் அடாப்டரின் முதுகைத் திருப்பிப் படியுங்கள். ‘100–240 வோல்ட்’ என்றிருந்தால் பிளக் மாற்றி போதும். ‘120 வோல்ட்’ மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகின நொடியே அது புகைந்துவிடும்.

விளக்கு செட் தனியாகத்தான் விற்கப்படுகிறது. இந்தக் கிட்டின் பெட்டியில் ஒரு எல்இடிகூட இருக்காது. போலார் லைட்ஸின் தாய் நிறுவனமான ரவுண்ட் 2 விற்கும் செட்டில் எல்இடிகளும் எஞ்சின் முகப்புக் குமிழ்களைச் சுழல வைக்கும் மோட்டார்களும் வருகின்றன. சால்டரிங் இரும்பைக் கண்டாலே பயப்படுகிறவர் அதை வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு வயரை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரிந்தவருக்கு அது தேவையில்லை. 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், ஒரு கைப்பிடி எல்இடி, ரெசிஸ்டர், இரண்டு வகை ஐசி (சிப்) எல்லாம் டர்பன், ஜோகன்னஸ்பர்க் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். பழுதானால் மாற்றுப்பாகமும் அங்கேயே உண்டு.

இந்தக் கப்பலுக்கு விளக்கு வைக்கும் தலைவலி அது பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. படப்பிடிப்புக்காக 1964இல் செய்யப்பட்ட 3.4 மீட்டர் மாடலுக்கு முதலில் விளக்கே கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள். சேர்த்தபோது வயர்களை வெளியே எடுக்க வேறு வழியில்லாமல் இடப்பக்கத்தைப் பலிகொடுத்தார்கள். அந்தப் பக்கம் கேபிள்கள் தொங்கின, கேமரா எப்போதும் வலப்பக்கத்தையே பார்த்தது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் 2016 முதல் செப்பனிட்டு வைத்திருக்கும் அந்த மாடலில் இன்றும் இடப்பக்கம் வலப்பக்கத்தைப் போல முழுமையாக இல்லை. 1966இல் ஏஎம்டி நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்த முதல் பிளாஸ்டிக் கிட்டும் பல்போடுதான் வந்தது. பிறகு வந்த பதிப்புகளில் பல்பை எடுத்துவிட்டார்கள். தொழில்காரர்களையே ஒரு பக்கத்தைக் கைவிட வைத்த கேள்வி ஒன்றுதான்: வயர் எங்கே போகும்? பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன் இதற்கு விடை காகிதத்தில் இருக்க வேண்டும்.

வயர் போகும் வழி

இந்தக் கப்பலில் நெருக்கடியான இடங்கள் மூன்று. தட்டையும் கீழ் உடலையும் இணைக்கும் கழுத்து ஒன்று, எஞ்சின் குழல்களைத் தாங்கும் சாய்ந்த தண்டுகள் இரண்டு. மற்ற எங்கும் இடம் தாராளம். எனவே இந்த மூன்றிலும் எத்தனை வயர் போகிறது என்பதுதான் மொத்தத் திட்டமே.

புதியவர்கள் செய்வது என்ன? மின்னும் சர்க்யூட், சுழலும் சர்க்யூட் எல்லாவற்றையும் கீழ் உடலில் ஒரே இடத்தில் குவித்துவிட்டு, ஒவ்வொரு எல்இடிக்கும் அங்கிருந்து தனி வயர் இழுக்கிறார்கள். ஒரு குமிழுக்குப் பத்து எல்இடி என்றால் தண்டுக்குள் பதினொரு வயர். தண்டின் இரண்டு பாதிகளும் ஒட்டாமல் வாய் பிளக்கும். கிளிப் போட்டு நெரித்து ஒட்டினால் எங்கோ ஒரு வயரின் தோல் கிழியும், அது தெரியவரும்போது பெயின்டும் முடிந்திருக்கும்.

சர்க்யூட் போர்டை விளக்கு இருக்கும் இடத்திலேயே வையுங்கள். எஞ்சின் குழல் 44 செ.மீ. நீளம், உள்ளே தீப்பெட்டி அளவு போர்டு ஒன்று தாராளமாக உட்காரும். அப்போது தண்டு வழியே போவது பிளஸ், மைனஸ் என்று இரண்டே வயர். தட்டின் சிவப்பு, பச்சை விளக்குகள் மின்னுவதற்கான போர்டு தட்டுக்குள்ளேயே. கழுத்திலும் இரண்டே வயர். ஸ்டாண்டின் குழாய் வழியாக ஏறுவதும் இரண்டு வயர்தான். கீழ் உடலில் ஒரு சின்ன விநியோகப் பலகை வைத்து அங்கிருந்து நான்கு கிளை பிரியுங்கள்: கழுத்து, இடத் தண்டு, வலத் தண்டு, கீழ் உடலின் சொந்த விளக்கு. ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு பின் ஜேஎஸ்டி கனெக்டர் (செருகிக் கழற்றும் சின்ன இணைப்பு) போட்டுவிட்டால் எதையும் கழற்றித் தனியாகச் சோதிக்கலாம். கனெக்டர் தலை தண்டின் துளையில் நுழையாது என்பது நினைவிருக்கட்டும். முதலில் வயர், அது மறுபக்கம் வந்த பிறகுதான் கனெக்டர்.

வயர் தடிமனை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கேஜ் எண் கூடக்கூட வயர் மெல்லியது. ஸ்டாண்டிலிருந்து விநியோகப் பலகை வரை 24 கேஜ், கழுத்துக்கு 26 கேஜ், தண்டுகளுக்கும் தனி எல்இடிகளுக்கும் 30 கேஜ். பிளஸ் சிவப்பு, மைனஸ் கறுப்பு என்ற ஒழுங்கை எங்கும் மாற்றாதீர்கள். கையில் இருக்கிற நிறத்தை வைத்துச் சமாளித்தால் மூடும் நாளில் குழப்பம் வரும்.

மின் கணக்கு

தட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்ட ஏறக்குறைய ஒரு மீட்டர் ஸ்ட்ரிப் வேண்டும், கீழ் உடலுக்கு அரை மீட்டர். வாங்க வேண்டியது 3528 வகை, மீட்டருக்கு 60 எல்இடி, 8 மி.மீ. அகலம். இது மீட்டருக்கு 4.8 வாட், அதாவது 0.4 ஆம்பியர். 5050 வகையை எடுக்காதீர்கள். அதே நெருக்கத்தில் அது மீட்டருக்கு 14.4 வாட், மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அந்தச் சூடு தேவையில்லை. 3528 ஸ்ட்ரிப்பை மூன்று எல்இடிக்கு ஒருமுறை, 5 செ.மீ. இடைவெளியில் வெட்டலாம். வெட்டும் கோடு அச்சிட்டிருக்கும். அது தவிர வேறெங்கு வெட்டினாலும் அந்த மூன்றும் எரியாது.

ஒன்றரை மீட்டருக்கு 0.6 ஆம்பியர், இரண்டு குமிழ்களுக்கும் சேர்த்து 0.2, மின்னும் விளக்குகளுக்கு 0.05. ஆக மொத்தம் 0.85. எனவே 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரும், ஸ்டாண்டின் அடியில் 1.5 ஆம்பியர் ஃபியூஸும் போதும். ஃபியூஸ் வேண்டாம் என்று விடுகிறவர்கள் பலர். அடாப்டர் 2 ஆம்பியரைக் கூசாமல் கொடுக்கும், ஷார்ட் ஆன 30 கேஜ் வயர் அதைத் தாங்காது, வயரைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக். சில ரேண்டு மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

ஸ்ட்ரிப்பை முழு 12 வோல்ட்டில் எரித்தால் ஜன்னல்கள் கண்ணைக் கூசும். வோல்ட்டை இறக்கும் எல்எம்2596 போர்டு ஒன்றை அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே போட்டு, அதன் திருகைச் சுற்றி 10 வோல்ட்டுக்கு இறக்குங்கள். மின்னோட்டம் பாதிக்கும் கீழே வந்துவிடும், சூடும் அதோடு இறங்கும். கடையில் விற்கும், விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரித்து மங்கலாக்கும் பி.டபிள்யூ.எம். டிம்மரும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் போனில் வீடியோ எடுக்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும்.

தனி எல்இடிகளுக்கு ரெசிஸ்டர் கணக்கு எளிது. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட், சிவப்புக்கு 2 வோல்ட். மூன்று வெள்ளையைத் தொடராகக் கோத்தால் 9 வோல்ட் போக மீதி 3. அதற்கு 330 ஓம் போட்டால் 9 மில்லி ஆம்பியர். ஒற்றைச் சிவப்புக்கு 1 கிலோ ஓம் போட்டால் 10 மில்லி ஆம்பியர். எல்இடி 20 வரை தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும், மாடலுக்குள் 10க்கு மேல் போகத் தேவையே வராது. கால் வாட் ரெசிஸ்டர் எல்லாவற்றுக்கும் போதும். பல எல்இடிகளை இணையாகக் கட்டி ஒரே ரெசிஸ்டரில் ஓட்டுவது மட்டும் வேண்டாம். கொஞ்சம் குறைந்த வோல்ட்டில் எரியும் ஒன்று மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு முதலில் சாகும், பிறகு அடுத்தது.

மின்னும் விளக்குக்கு, சீராகத் துடிப்பு கொடுக்கும் 555 ஐசி ஒன்று. மேல் ரெசிஸ்டர் 10 கிலோ ஓம், கீழ் ரெசிஸ்டர் 68 கிலோ ஓம், கெபாசிட்டர் 10 மைக்ரோ ஃபாரட். நொடிக்கு ஒருமுறை, பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணையும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இதை மாற்றி வைத்தால் பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சுட்டிக்காட்டுவார்.

முகப்புக் குமிழ்கள்

இந்தக் கப்பலின் உயிர் இரண்டு எஞ்சின் குழல்களின் முகப்பில் சுழலும் செம்மஞ்சள் ஒளிதான். படப்பிடிப்பு மாடலில் மோட்டார், சுழலும் தகடுகள், கிறிஸ்துமஸ் பல்புகள் வைத்து இதைச் செய்தார்கள். கிட்டிலும் மோட்டார் வைக்கலாம், அசைவு இயல்பாக இருக்கும். ஆனால் மோட்டார் சத்தம் போடும், பிளாஸ்டிக் குழல் அந்தச் சத்தத்தைப் பெருக்கும். தேய்ந்துபோனால் மாற்ற வேண்டும். அதே மின்பாதையில் ஓடினால் மற்ற விளக்குகளும் துடிக்கும். மோட்டார்தான் வேண்டுமென்றால் அதன் இரு முனைகளுக்கு நடுவே 100 நானோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று பற்றவையுங்கள், துடிப்பு பெருமளவு அடங்கும்.

முதல் கப்பலுக்கு எல்இடி ஓட்டமே போதும். 555 துடிப்பு கொடுக்க, 4017 ஐசி பத்து எல்இடிகளை ஒவ்வொன்றாக வட்டமாக ஏற்றி அணைக்கும். அதன் பின்னணியில் மங்கலாக நிரந்தரமாக எரியும் இரண்டு மூன்று மஞ்சள் எல்இடிகள் வையுங்கள், இல்லையென்றால் ஒரு புள்ளி மட்டும் ஓடுவது போல் தெரியும். எல்இடித் தலைகளை 400 நம்பர் தாளில் தேய்த்து மங்கலாக்குங்கள். குமிழின் உட்புறத்திலும் மேட் கிளியர் ஒரு கோட் அடித்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்து சுழற்சியாகத் தெரியும். இரு குழல்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றினால் கண்ணுக்கு அழகு. எல்இடிகளைக் கோக்கும் வரிசையை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் அது நடந்துவிடும்.

குமிழ்களை நிரந்தரமாக ஒட்டாதீர்கள். ஒட்டாமலே இறுக்கமாக உட்கார்ந்தால் அப்படியே விடுங்கள், தளர்வாக இருந்தால் வெள்ளை மரப்பசை இரண்டு துளி. நகத்தால் நெம்பினால் வர வேண்டும், ஏனென்றால் முதலில் பழுதாகப் போவது இந்த இடம்தான்.

வெளிச்சத்தை அடைப்பது

எல்லாக் கஷ்டமும் இங்கேதான். கிட்டின் பிளாஸ்டிக் கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும். உள்ளே ஸ்ட்ரிப்பைப் போட்டு அறை விளக்கை அணைத்துப் பாருங்கள், தட்டு முழுவதும் லாந்தர்க் கூடு போல ஒளிரும். பொறித்த கோடுகள் இருக்கும் மெல்லிய இடங்கள் இன்னும் பிரகாசமாக. வெளிப் பெயின்ட் இதை மறைத்துவிடும் என்று நம்பி மூடியவர்களின் கப்பல் இரவில் மஞ்சள் பூத்துத் தெரியும்.

உட்புறம் முழுவதும் முதலில் மேட் கறுப்பு இரண்டு கோட், காய்ந்ததும் வெள்ளை இரண்டு கோட். கறுப்பு ஒளியை நிறுத்துகிறது, வெள்ளை அதை உள்ளேயே அடித்துப் பரப்பி ஜன்னல்களுக்குச் சீராகக் கொடுக்கிறது. வெள்ளை மட்டும் அடித்தால் ஒளி கசியும். கறுப்பு மட்டும் அடித்தால் எல்இடிக்கு எதிரே இருக்கும் ஜன்னல் மட்டும் பளிச்சென்று எரிய, பக்கத்து ஜன்னல் செத்துக் கிடக்கும். அலுமினியத் தாள் டேப் ஒட்டினாலும் ஒளி நிற்கும், ஆனால் அது மின்சாரம் கடத்தும் பொருள். சால்டர் முனை ஒன்று தொட்டால் ஷார்ட். டேப் ஒட்டிய இடத்தில் எல்லா மூட்டுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூட்டில் சுருங்கி வயரை மூடும் உறை) போட்டே ஆக வேண்டும்.

சுவரை அடைத்த பிறகும் ஒரு கசிவு மிஞ்சும், பலர் அதைக் கவனிப்பதில்லை. ஜன்னல் துளையின் உள்விளிம்பைப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் வெட்டு முகம் அங்கே வெறுமையாக இருக்கும். ஒளி அந்த வெட்டு முகம் வழியாகச் சுவரின் தடிமனுக்குள்ளேயே நுழைந்து, ஜன்னலைச் சுற்றி ஒரு மங்கிய வளையமாக வெளியே வரும். மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு துளையின் நான்கு விளிம்புக்கும் கறுப்பு தொட்டுவிட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. செய்த ஜன்னலையும் செய்யாத ஜன்னலையும் இருட்டில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் அதற்கப்புறம் விட மனம் வராது.

மூட்டுகளுக்கு வேறு வைத்தியம். தட்டின் இரு பாதிகள் சேரும் விளிம்பின் உட்புறத்தில், ஒரு பாதியில் மட்டும் 0.5 மி.மீ. தடிமன், 5 மி.மீ. அகலத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஓரம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டுங்கள். மூடும்போது மறுபாதி அதன்மேல் ஏறி உட்காரும், மூட்டுக்குப் பின்னால் ஒளி வரவே வழி இருக்காது. பிறகு வெளியிலிருந்து புட்டி.

ஜன்னல்களின் வரிசை முக்கியம். உட்புறப் பெயின்ட், துளை விளிம்புக் கறுப்பு, அதன் பிறகு கண்ணாடிப் பாகங்களைப் பின்னாலிருந்து பொருத்துவது. சூப்பர் குளூவைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் பனியாகப் படியும். வெள்ளை மரப்பசைதான் சரி. பொருத்துவதற்கு முன் பாகத்தின் பின்முகத்தை 600 நம்பர் தாளில் தேய்த்துவிட்டால் உள்ளே இருக்கும் வயரும் எல்இடியும் வெளியிலிருந்து தெரியாது. பொருத்திய பின் வெளிமுகத்தில் திரவ மாஸ்க் தொட்டு வையுங்கள். அந்த மாஸ்க்கை பெயின்ட், டெக்கால், கடைசி மேட் கோட் எல்லாம் முடிந்த பிறகே உரிக்க வேண்டும். மேட் கோட்டுக்கு முன்னால் உரித்துவிட்டால் அத்தனை ஜன்னலும் மங்கிவிடும்.

எல்லா ஜன்னலையும் எரிய விடாதீர்கள், கப்பல் கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி ஆகிவிடும். படப்பிடிப்பு மாடலிலும் எல்லாம் எரியவில்லை. படங்களைப் பார்த்து இருண்டவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றின் பின்முகத்துக்குக் கறுப்பு அடித்துவிடுங்கள். ஒளியின் நிறம் 3000 கெல்வின் வெதுவெள்ளை. 6500 கெல்வின் நீலவெள்ளை 1960களின் இந்தக் கப்பலுக்கு ஒட்டவில்லை. ஸ்ட்ரிப் முழுவதையும் ஒரே சுருளிலிருந்து வெட்டுங்கள், சுருளுக்குச் சுருள் நிறம் கொஞ்சம் மாறும். ஸ்ட்ரிப்பை ஜன்னலைப் பார்த்து ஒட்டாமல் எதிர்ச் சுவரைப் பார்த்து ஒட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. அதன் முதுகுப் பசையை நம்ப வேண்டாம். டர்பனின் வெக்கையில் கழன்று தொங்கிவிடும், 5 செ.மீ.க்கு ஒரு துளி எபாக்சி.

டர்பனும் ஜோகன்னஸ்பர்க்கும்

தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரியில் டர்பனில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது லாக்கர் கிளியர் அடித்தால் காய்கிற பரப்பில் ஈரம் படிந்து பால் பூத்தது போல் வெளுத்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். மலையிலிருந்து சூடான பெர்க் காற்று வீசும் நாட்களை மட்டும் தவிருங்கள், பெயின்ட் கேனிலிருந்து பரப்புக்குப் போவதற்குள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தகரக் கூரை கராஜில் அடிப்பவர்கள் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மாலைப் பனிக்கு முன் நிறுத்திவிடுவது நல்லது.

கட்டுமான சாமான் கடையில் விற்கும் ஸ்ப்ரே கேன்கள் சிலவற்றின் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டில் அடித்து ஒரு நாள் விட்டுப் பார்க்காமல் தட்டில் அடிக்காதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவில் பிரச்சினை நேரெதிர். குளிர்கால வறட்சியில் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, தேய்த்த தூசியெல்லாம் கண்ணாடிப் பாகங்களில் ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு உடனே பொருத்துங்கள். மூடிய பிறகு உள்ளே ஒட்டிய தூசிக்கு வைத்தியம் இல்லை.

கடற்கரை வீடுகளில் உப்புக் காற்றையும் கணக்கில் வையுங்கள். சால்டர் முனைகளில் ஃபிளக்ஸ் (பற்றவைக்க உதவும் பசை) மிஞ்சியிருந்தால் செம்பு பச்சை பூக்கும். பற்றவைத்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். பற்றவைப்பு எல்லாம் கப்பலுக்கு வெளியே, மேசைமேல். 350 டிகிரியில் இருக்கும் இரும்பு தட்டின் உள்சுவரை ஒருமுறை உரசினாலே குழி விழும்.

மின்சாரம்

லோட் ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) தொல்லை குறைந்துவிட்டாலும் அந்தக் காலம் நம் வீடுகளில் ஒரு நல்ல பொருளை விட்டுப் போயிருக்கிறது. வைஃபை ரவுட்டருக்காக வாங்கிய மினி யுபிஎஸ். அதில் 12 வோல்ட் வெளியீடும், பெரும்பாலும் 5.5 க்கு 2.1 மி.மீ. பின்னும் இருக்கும். ஸ்டாண்டின் அடியில் அதே அளவு ஜாக் வைத்துவிட்டால் கப்பல் அதிலேயே ஓடும். நடு முனை பிளஸ்தானா என்று மட்டும் மல்ட்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு ஏஏ பேட்டரியிலும் ஓட்டலாம், ஆனால் மூன்று மணி நேரத்தைத் தாண்டாது. சுவர்ப் பிளக்கில் நேரே செருகுவதானால் சர்ஜ் தடுப்பான் வைத்த பிளக் ஒன்று அவசியம். மின்சாரம் போய்த் திரும்பும் நொடியில் வரும் ஏற்றத்தில் மலிவு அடாப்டர்கள் முதலில் போகும், சில நேரம் ஐசிகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்டாண்டுக்கு 5 மி.மீ. பித்தளைக் குழாய் ஒன்றைக் கீழ் உடலுக்குள் ஏற்றி எபாக்சி போடுங்கள், வயர் அதன் வழியே ஏறும். குழாயின் வெட்டு ஓரத்தை அரம் போட்டு மழுக்காமல் வயரை நுழைக்கக் கூடாது, அந்தக் கூர்மை தோலைச் சீவிவிடும். 82 செ.மீ. கப்பலின் பாரம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் உட்காருகிறது. எஞ்சின் தண்டுகளின் அடியையும் உட்புறத்தில் எபாக்சியால் கெட்டிப்படுத்துங்கள். இல்லையென்றால் நாளடைவில் குழல்கள் இரண்டும் கீழ்நோக்கிச் சாயும். ஒட்டும்போது பின்னாலிருந்து பார்த்து, இரண்டும் ஒரே உயரத்திலும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்கின்றனவா என்று அட்டையில் வெட்டிய அளவுச்சட்டம் வைத்துச் சோதியுங்கள். காய்கிற வரை அந்தச் சட்டத்தை எடுக்க வேண்டாம்.

தட்டை மூடுவதுதான் திரும்ப முடியாத வேலை. அதற்கு முன் எல்லாவற்றையும் கோத்து, டேப் போட்டு மூடி, ஒரு முழு நாள் அணைக்காமல் எரிய விடுங்கள். கெட்டுப்போகிற எல்இடி பெரும்பாலும் இந்த முதல் நாளிலேயே கெடும். நான்கு மணி நேரம் கழிந்ததும் ஸ்ட்ரிப்புக்கு நேர் மேலே தட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் எல்எம்2596ஐ இன்னும் அரை வோல்ட் இறக்குங்கள். பிறகு வயர்களை ஒவ்வொன்றாக லேசாக அசைத்துப் பாருங்கள். எதை அசைக்கும்போது விளக்கு இமைக்கிறதோ அந்த மூட்டைப் பிரித்துத் திரும்பப் பற்றவையுங்கள், அது ஒருமுறைதான் இமைத்தது என்றாலும். கடைசியாக அறையை இருட்டாக்கி, கண் பழக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, கசிவு தெரியும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த வட்டங்களுக்கெல்லாம் உட்புறம் மறுபடி கறுப்பு வைத்த பிறகு பசையை எடுக்கலாம்.